உப்புவெளியில் ஒரு சுமைவண்டி

தரைவேகத்தின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப்பட்டியல்தான். 1935 செப்டம்பரில் சர் மால்கம் காம்பெல் தமது ‘ப்ளூபேர்ட்’ காரில் மணிக்கு 301 மைல் வேகத்தை எட்டினார். 1947இல் ஜான் காப் 394 மைல். 1965இல் ஜெட் எஞ்சின் பொருத்திய வாகனத்தில் கிரெய்க் ப்ரீட்லவ் 600 மைல். 1970இல் ராக்கெட் எஞ்சினோடு கேரி கேபலிச் 622 மைல். நால்வரும் ஓடிய களம் ஒன்றே: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், நெவாடா எல்லையை ஒட்டிய வெண்டோவர் என்ற சிற்றூருக்கு அருகே கிடக்கும் பான்வில் உப்புவெளி. 1983இல் ரிச்சர்ட் நோபிளின் ‘த்ரஸ்ட் 2’ நெவாடாவின் ப்ளாக் ராக் பாலையில் 633 மைலைத் தொட்டது. அதன்பின் அந்த மகுடம் பான்விலுக்குத் திரும்பவில்லை.

பட்டியலை மட்டும் படிப்பவருக்குப் பான்விலின் கதை அத்தோடு முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் உப்பு இடங்கொடுக்கும் ஆண்டுகளில் ஆகஸ்ட் மாதம் அங்கே நூற்றுக்கணக்கான வண்டிகள் வந்து சேர்கின்றன. அவற்றில் ஊசிபோன்ற நீள்வடிவ வாகனங்கள் உண்டு. பழைய ஃபோர்டு கார்கள் உண்டு. மோட்டார் சைக்கிள்கள் உண்டு. நேற்றுவரை தச்சரின் பலகைகளையும் தோட்டக்காரரின் உரமூட்டைகளையும் சுமந்துகொண்டிருந்த சிறிய பிக்கப் வண்டிகளும் உண்டு. பரிசுப்பணம் கிடையாது. பார்வையாளர் மாடங்களும் கிடையாது. இவர்கள் எதற்காக வருகிறார்கள் என்ற கேள்விக்கு விடை சொல்ல, அந்தப் பிக்கப் வண்டியைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். பனியுகத்தின்போது இங்கே சுமார் 20,000 சதுரமைல் பரப்பும், ஆழமான இடத்தில் ஏறத்தாழ 1,000 அடி நீரும் கொண்ட பான்வில் ஏரி கிடந்தது. அது வற்றியபோது கடலுக்குப் போக வழியில்லாத நீர் தன் உப்பை எல்லாம் பள்ளத்தில் விட்டுச் சென்றது. இன்றைய பெரும் உப்பு ஏரி அதன் மிச்சம். குளிர்காலத்தில் உப்புத்தரையின்மேல் மெல்லிய நீர்ப்படலம் தேங்குகிறது. கோடையில் அது ஆவியாகும்போது காற்று மேற்பரப்பை மட்டம் செய்துவிடுகிறது. ஆண்டுதோறும் இயற்கையே ஓடுபாதையைப் புதிதாக வார்த்துத் தருகிறது எனலாம்.

இந்த நிலம் சக்கரங்களுக்கு எப்போதும் நட்பாக இருந்ததில்லை. 1846இல் கலிபோர்னியாவுக்குக் குறுக்குவழி தேடிப்போன டானர் குழுவினரின் மாட்டுவண்டிகள் இந்தப் பாலையில்தான் மேலோட்டை உடைத்துக்கொண்டு சேற்றில் புதைந்தன. தாகத்தில் மாடுகள் அறுத்துக்கொண்டு ஓடின. இங்கே இழந்த நாட்களும் சேர்ந்தே அவர்களைப் பின்னர் சியெரா நெவாடாவின் பனியில் சிக்கவைத்தன. அதே வெளியில் 1914இல் டெடி டெட்ஸ்லாஃப் ஒரு பென்ஸ் காரை மணிக்கு 141 மைலுக்கு ஓட்டினார். 1925இல் சால்ட் லேக் நகரத்து ஏப் ஜென்கின்ஸ், வெண்டோவருக்குப் புதிதாகத் திறக்கப்பட்ட சாலையில், ஒரு சிறப்பு ரயிலோடு பந்தயம் வைத்து வென்றார். உப்புவெளியின் புகழைப் பரப்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பிற்பாடு அந்நகரின் மேயராகவும் ஆனார்.

காம்பெல், காப் போன்றோரின் காலம் விமான எஞ்சின்களின் காலம். செல்வமோ பெரிய நிறுவனங்களின் ஆதரவோ இல்லாதவர் அந்தக் களத்தில் நுழைய முடியாது. இந்நிலை மாறியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டுகளைக் குடைந்தும் வெட்டியும் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்கள், 1937இலேயே ‘சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்’ என்ற அமைப்பைக் கண்டிருந்தனர். போரிலிருந்து திரும்பியவர்கள் கையில் இயந்திர அறிவும், கழித்துப்போட்ட ராணுவ உதிரிப்பாகங்களும் இருந்தன. போர்விமானத்தின் வயிற்றில் தொங்கிய எரிபொருள் தொட்டியை வாங்கி அதையே காரின் உடலாக்கினார் பில் பர்க். 1949 ஆகஸ்டில் இவர்கள் பான்விலில் தங்கள் முதல் வேகவாரத்தை நடத்தினார்கள். வேகம் பிரபுக்களின் கையிலிருந்து பட்டறைக்காரர்களின் கைக்கு வந்தது அன்றுதான்.

வந்தவர்கள் ஒரு முக்கியமான காரியம் செய்தார்கள். ‘உலகிலேயே யார் வேகமானவர்’ என்ற ஒற்றைக் கேள்வியைப் பல நூறு கேள்விகளாக உடைத்தார்கள். எஞ்சினின் கொள்ளளவுக்கு ஓர் எழுத்து. காற்றை அழுத்திச் செலுத்தும் எஞ்சினா இல்லையா என்பதற்கு ஒரு குறி. பெட்ரோலா, வேறு எரிபொருளா, டீசலா என்பதற்கு ஒரு குறி. உடலின் வடிவத்துக்கு ஒரு குறி. இவற்றின் ஒவ்வொரு சேர்க்கையும் ஒரு தனிப்பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சாதனை. சிறிய பிக்கப் வண்டிகளுக்கென்றே தொழிற்சாலை வடிவம் மாறாத பிரிவும், சில மாற்றங்களை அனுமதிக்கும் பிரிவும் உண்டு.

இந்த விதிநூலை நம் யாப்பிலக்கணத்தோடு ஒப்பிடத் தோன்றுகிறது. வெண்பா எழுதுபவன் தளை தட்டாமல் எழுத வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் அவன் செய்யும் வித்தையைத்தான் நாம் மெச்சுகிறோம். அதை ஆசிரியப்பாவோடு நிறுத்துப் பார்ப்பதில்லை. அதுபோல, பிக்கப் வண்டி பிக்கப் வண்டியாகவே இருக்க வேண்டும். அதன் வெளிக்கோட்டை மாற்றி ஊசியாக்கிவிட்டால் அது வேறு பிரிவுக்குப் போய்விடும். வடிவத்தின் குறையை ஒப்புக்கொண்டு அதற்குள் என்ன செய்யலாம் என்பதே சவால்.

குறையோ சிறியதன்று. 1925இல் ஃபோர்டு நிறுவனம் தன் ‘மாடல் டி’ காரின் பின்னால் ஓர் இரும்புத் தொட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றபோது காற்றைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. சிறிய பிக்கப்பின் பிறப்புக்கதையிலும் காற்றுக்கு இடமில்லை; அங்கே இருந்தது வரி. ஐரோப்பா அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு விதித்த வரிக்குப் பதிலடியாக, 1964 முதல் இறக்குமதிச் சிறு லாரிகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. டாட்சனும் டொயோட்டாவும் சிறுவண்டிச் சந்தையைத் திறந்துவிட்டிருந்தன. ஷெவர்லேயும் ஃபோர்டும் 1972 முதல் ஜப்பானில் செய்த வண்டிகளுக்குத் தம் பெயரை ஒட்டி விற்றுப்பார்த்துவிட்டு, 1980களின் தொடக்கத்தில் ‘எஸ்-10’, ‘ரேஞ்சர்’ என்று சொந்தமாகவே செய்யத் தொடங்கின. விலைமலிவான இந்த வண்டிகள் பழையனவாகிப் பட்டறைகளின் பின்புறம் ஒதுங்கியபோது, உப்புவெளிக்காரர்களுக்கு மூலப்பொருள் கிடைத்தது.

இப்படிப்பட்ட ஒரு வண்டியை மணிக்கு 200 மைல் ஓடவைக்க என்னென்ன தேவை? காற்றின் தடையை வெல்லத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. சிறிய பிக்கப் ஒன்று 100 மைல் வேகத்தில் காற்றைக் கிழிக்கத் தோராயமாக 60 குதிரைத்திறன் போதுமென்றால், 200 மைலுக்கு அதன் எட்டு மடங்கு, அதாவது 480 குதிரைத்திறன் வேண்டும். வேகத்தை இரட்டிக்க விரும்புகிறவன் எட்டு எஞ்சின்களின் வேலையை ஓர் எஞ்சினிடம் கேட்கிறான். அதுவும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி உயரத்தில், ஆகஸ்ட் வெயிலில். அங்கே காற்று மெலிந்திருப்பதால் தடையும் குறைவு. எஞ்சின் மூச்சுவிடக் கிடைப்பதும் குறைவு. டர்போ பொருத்திய எஞ்சின்களுக்கு அங்கே ஓர் அனுகூலம் இருப்பது இதனால்தான்.

பின்தொட்டி அடுத்த தலைவலி. பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று தடையின்றிப் போகும் என்று பலரும் நம்புவதுண்டு. காற்றுச்சுரங்கச் சோதனைகள் நேர்மாறாகச் சொல்கின்றன. மூடிய கதவுக்கு முன்னால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாக அடைபட்டு நிற்கிறது. கூரையைத் தாண்டிவரும் காற்று அந்தச் சுழலின்மேல் வழுக்கிச் செல்கிறது.

எடையின் விஷயத்தில் உப்புவெளி மற்றப் பந்தயங்களின் பாடத்தைத் தலைகீழாக்குகிறது. வேறிடங்களில் ஒவ்வொரு கிலோவையும் செதுக்கி எறிவார்கள். இங்கே ஈயக்கட்டிகளையும் இரும்புப்பாளங்களையும் அள்ளி ஏற்றுகிறார்கள். உப்பில் பிடிமானம் தார்ச்சாலையைவிட வெகுவாகக் குறைவு. கனமில்லாத வண்டியின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். வெற்றுப் பிக்கப்போ பின்புறம் இலேசானது. உந்தும் சக்கரங்களும் பின்னால்தான். ஆனால் பாரத்தையெல்லாம் பின்னால் குவிக்கவும் கூடாது. அம்பின் முனை கனமாக இருப்பதால்தான் அது நேராகப் பறக்கிறது; பின்கனத்த வண்டி சற்றுத் திரும்பினாலும் முழுதும் சுழன்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே எத்தனை கிலோ என்பதைப் பொறுமையோடுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

டயரைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 217 மைல் வேகத்தில் சாதாரண அளவுள்ள சக்கரம் நொடிக்கு 40 முறைக்கு மேல் சுற்றுகிறது. அப்போது அதன் விளிம்பிலுள்ள ஒரு கிராம் ரப்பர், இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை பெற்றதுபோல் வெளியே இழுக்கப்படுகிறது. அதனால்தான் இந்த டயர்களின் மேல்ரப்பர் மிக மெல்லியதாக இருக்கிறது. உருண்டாலும் நசுங்காத குழாய்க்கூண்டு, தீயணைப்புக் கருவி, பாராசூட், பட்டைவார்கள் எல்லாம் விதிப்படி அமைந்தபின்தான் வண்டி தொடக்கக்கோட்டுக்குப் போகலாம். புதிய ஓட்டுநர் எடுத்த எடுப்பில் முழுவேகத்தில் ஓட்டவும் முடியாது. படிப்படியாக உரிமம் பெற வேண்டும். இவ்வளவுக்குப் பின்னும் உயிர்கள் போகின்றன. 2025 ஆகஸ்ட் வேகவாரத்தில் அனுபவமிக்க ஓட்டுநர் கிறிஸ் ராஷ்கி இதே உப்பில் இறந்தார்.

இந்தக் கலையின் ஓர் உச்சம் என்று நான் கருதுவது 2002 அக்டோபரில் நிகழ்ந்தது. கலிபோர்னியாவின் அசூசா நகரில் பட்டறை வைத்திருக்கும் கேல் பேங்க்ஸ், டாட்ஜ் டகோட்டா என்ற நடுத்தரச் சிறுபிக்கப்பினுள் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் டீசல் எஞ்சினைத் திணித்தார். பெரிய பாரவண்டிகளுக்கான எஞ்சின் அது. தனி எடையே சுமார் 500 கிலோ. உப்பில் எடை தோஷமன்று என்பது அவருக்குத் தெரியும். 735 குதிரைத்திறன் வந்தது. அந்த வண்டியை அவர்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகவில்லை. கருவிகள் நிரம்பிய இழுவண்டியை அதன் பின்னாலேயே மாட்டி, பல நூறு மைல் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டே பான்விலுக்குப் போனார்கள். பிறகு இழுவண்டியைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். இரண்டு ஓட்டங்களின் சராசரி மணிக்கு 217 மைல். உச்சவேகம் 222 மைல். சுமை இழுத்து வந்த வண்டியே தன் சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சாதனை படைத்தது. ஜெட் வாகனங்களின் வரலாற்றில் இதற்கு ஈடான காட்சி இல்லை.

சாதனை என்பது இங்கே ஒரே மூச்சில் கிடைப்பதும் அன்று. வேகவார விதிப்படி, பழைய சாதனையை மிஞ்சிய வண்டி தனியே ஒரு காவல் வளாகத்துக்குப் போகிறது. அங்கே அதைத் தொட்டுப் பழுதுபார்க்கக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே. மறுநாள் காலை மீண்டும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே ஏட்டில் ஏறும். ஒருமுறை நேர்ந்த அதிர்ஷ்டத்தை உப்பு ஏற்பதில்லை. 200 மைலுக்கு மேல் இப்படிச் சாதனை படைத்தவர்களுக்கென்று 1953இல் தொடங்கிய சங்கத்தில் இடமும், ஒரு சிவப்புத் தொப்பியும் கிடைக்கும். அதற்காகப் பத்து, இருபது ஆண்டுகள் முயல்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வரலாற்றின் ஏடு உப்பு. அந்த ஏடு கரைந்துகொண்டிருக்கிறது. 1935இல் காம்பெலுக்குக் கிடைத்த பாதை 13 மைல். அத்தனை நீளம் இன்று கிடைப்பதில்லை. ரயில்பாதையும் நெடுஞ்சாலையும் நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டின. பக்கத்திலேயே பொட்டாஷ் எடுக்கும் தொழிலுக்காக உப்புநீர் பல பத்தாண்டுகளாக உறிஞ்சப்பட்டது. 1997 முதல் சில ஆண்டுகள் உப்புநீரை மீண்டும் வெளிக்கே பாய்ச்சிப் பார்த்தார்கள். 2014, 2015 இரண்டு ஆண்டுகளும் வேகவாரம் கைவிடப்பட்டது; 2022இல் மறுபடியும். உப்பு ஏன் மெலிகிறது, யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதில் சுரங்கத்தாரும் பந்தயக்காரர்களும் ஆய்வாளர்களும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. அந்தச் சக்கரங்களும்கூட உப்பைச் சற்றே தேய்க்கத்தான் செய்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

முழுமுதல் சாதனைக்கு வேறு தரை உண்டு. அது 1983இலேயே இடம்பெயர்ந்துவிட்டது. பல நூறு பிரிவுகள் கொண்ட அந்த விதிநூலுக்கோ, அத்தனை பேரையும் ஒரே வாரத்தில் ஏற்று, எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்க, இவ்வளவு அகலமான, யாருக்கும் சொந்தமில்லாத பொதுநிலம் வேண்டும். அது போனால் பெயர்ப்பட்டியலில் ஒரு வரியும் குறையாது. ஏதோ ஒரு பட்டறையில், பத்தாண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் ஒரு பழைய பிக்கப்பின் அடியில் படுத்துக் கிடப்பவருக்குத்தான் போக இடமில்லாமல் போகும்.