வெயிலில் மிதித்த சைக்கிள்

அப்பாவின் பழைய சைக்கிளில் ஒரு டைனமோ இருந்தது. இருட்டியதும் அதைத் தட்டிவிட்டால் டயரில் போய் ஒட்டிக்கொண்டு உரசும், முன்னால் விளக்கு எரியும். அந்த நொடியே சைக்கிள் கனத்துவிடும். சமதரையில்தான் போகிறோம், ஆனால் மேடேறுகிற மாதிரி தொடை கடுக்கும்.

பல வருஷம் கழித்து அதே 'மேடேறுகிற மாதிரி'யை ஒரு பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் எழுதியதில் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அவர் பெயர் ஜான் பேட்டர்ஸ்பி. வருஷம் 1898, இடம் சூடான். நைல் கரையில், பெர்பெருக்கு வடக்கே அபாதியா என்ற முகாமில் அவர் ஒரு எக்ஸ்ரே அறை நடத்திக்கொண்டிருந்தார். ரான்ட்கன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் பாலைவனத்துக்கு வந்துவிட்டது. போர் என்றால் எல்லாம் சீக்கிரம் வந்துவிடும்.

கருவிக்கு மின்சாரம் வேண்டும். சேமகலங்கள் இருந்தன, ஆனால் தீர்ந்தால் மறுபடி மின்னேற்ற அங்கே என்ன இருக்கிறது? பேட்டர்ஸ்பி இருவர் மிதிக்கும் டேண்டம் சைக்கிள் ஒன்றைக் கொண்டுபோயிருந்தார். பின்சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் சின்ன டைனமோ. முதலில் ஒருவர் ஏறி மிதிப்பார். வோல்ட்மீட்டர் முள் 15 வோல்ட்டைத் தொட்டதும் ஸ்விட்சைப் போடுவார்கள். மின்னேற்றம் தொடங்கியதுமே சைக்கிள் மலையேறுவது போலக் கனக்கும். உடனே இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டு முன் இருக்கையில் உட்காரவைப்பார்கள். நகராத சைக்கிளில், நிழலிலேயே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் ஊரில், இரண்டு பேர் வேர்க்க விறுவிறுக்க மிதித்தால்தான் ஒரு எலும்பு கண்ணுக்குத் தெரியும்.

வெயில் அவருக்கு எதிரி. நூபியப் பாலைவனத்தைக் கடந்த ரயிலில் கருவிகள் திறந்த வண்டியில்தான் வந்தன. பெட்டிகளைச் சுற்றித் தடித்த ஃபெல்ட் துணி, அது காயாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கோடையில் மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுவோமே, அதே தந்திரம்தான்.

1898 செப்டம்பர் 2, ஒம்துர்மான் போர். காயம்பட்டு அபாதியாவுக்கு வந்த பிரிட்டிஷ் வீரர்கள் 121 பேர். அதில் 21 பேருக்குக் குண்டு எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்றே வழக்கமான முறைகளில் தெரியவில்லை. அந்தக் காலத்து வழக்கமான முறை என்றால், காயத்துக்குள் கம்பியை விட்டுத் துழாவுவது. 20 பேருக்கு எக்ஸ்ரே சரியான விடை சொன்னது. மிச்சமிருந்த ஒருவருக்கு நுரையீரலில் குண்டுக்காயம். படம் எடுக்கத் தாங்காத நிலை, அதனால் விட்டுவிட்டார்கள்.

மருத்துவ வரலாறுகள் பெரும்பாலும் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. அன்று காலை மஹ்தி படையில் செத்தவர்கள் சுமார் 10,000 பேர். காயம்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில். அவர்கள் நாட்கணக்கில் களத்திலேயே கிடந்ததைச் சர்ச்சில் பார்த்து எழுதியிருக்கிறார். அவரும் அந்தப் போரில் சண்டையிட்டவர். அவர்களுக்காக யாரும் சைக்கிள் மிதிக்கவில்லை. சூடானுக்கு வந்த அந்த எக்ஸ்ரே சூடானியர்களுக்காக வரவில்லை.

சரி, தலைக்கு மேல் அவ்வளவு சூரியன் இருக்கும்போது சைக்கிள் எதற்கு என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். செலினியத்தை வைத்து வெயிலில் மின்சாரம் எடுக்கலாம் என்று சார்லஸ் ஃபிரிட்ஸ் என்ற அமெரிக்கர் 1883-லேயே காட்டியிருந்தார். ஆனால் விழுந்த ஒளியில் நூற்றில் ஒரு பங்குகூட மின்சாரமாகவில்லை. 1913-ல் அதே நைல் கரையில், கெய்ரோவுக்குப் பக்கத்து மாடியில், ஃபிராங்க் ஷூமன் நீள நீளமான வளைந்த கண்ணாடிகளை நிறுத்தி வெயிலால் நீராவி உண்டாக்கி ஆற்றுத் தண்ணீரை இறைத்தார். அடுத்த வருஷம் உலகப்போர் வந்து அந்த முயற்சியை மூடியது. அதே போரில் மேரி க்யூரி எக்ஸ்ரே கருவியை மோட்டார் காரில் ஏற்றினார், காரின் எஞ்சினே டைனமோவைச் சுற்றியது. தொடைக்குப் பதில் பெட்ரோல். சிலிக்கான் சூரியக்கலம் 1954-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, அப்போது அதன் திறன் 6 சதவீதம்.

இன்று கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவிகள் இருக்கின்றன. புஜிஃபில்மின் எக்ஸேர் 3.5 கிலோதான். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சுப் படத்துக்கு உத்தேசமாக 90,000 வோல்ட், 2.5 மில்லியாம்பியர்-நொடி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 225 ஜூல். ஒரு செல்போன் பேட்டரியில் 50,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது. நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒன்றுக்கு 225 ஜூல் எல்லாம் மூன்று நொடி வேலை. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. இழப்புகளைச் சேர்த்தாலும் கதிருக்குப் போவது கொஞ்சம்தான். படத்தைக் காட்டும் லேப்டாப்தான் நாள் முழுக்க மின்சாரத்தைத் தின்கிறது. கண்ணாடித் தட்டில் நிமிடக்கணக்கில் கதிர் பாய்ச்சிய பேட்டர்ஸ்பியிடம் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் நம்பியிருப்பார். வெயில் இன்னும் முழுசாக நட்பாகவில்லை. பேனல் சூடாக ஆக அதன் திறன் குறையும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் மின்னேற்றக் கூடாது. அதனால் பேனல் வெயிலில், பெட்டி நிழலில், நடுவே நீளமான ஒயர். திறந்தவெளியில் திரையும் தெரியாது, பார்க்கிறவர் தலையில் துணியைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஈர ஃபெல்ட் மட்டும்தான் போயிருக்கிறது.

காசநோயைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இன்று இப்படித்தான் வேலை பார்க்கிறார்கள். படத்தைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் பக்கத்தில் இல்லாத இடங்களில் கணினியே படித்துச் சந்தேகத்தைச் சொல்லலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடிப் போகாமல், ஆலமரத்தடிக்குக் கருவி போகிறது.

அந்த 21-வது ஆளை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவருக்கு என்ன ஆயிற்று என்று நான் படித்ததில் இல்லை. அவரைத் தூக்கியிருக்கவே வேண்டாம். முதுகுக்கு அடியில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிவிட்டு, கட்டிலுக்கு மேலே அந்த 3.5 கிலோவைப் பிடித்திருந்தால் போதும். களத்தில் கிடந்தவர்களுக்கும் அதேதான், யாராவது எடுத்துக்கொண்டு போயிருந்தால்.