பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த செபம்

மலாக்கா செயின்ட் பால் குன்றில் சவேரியார் சிலையோடு படம் எடுத்துக்கொள்கிறோம். 1545இல் இங்கே வருவதற்கு முன்பே அவர் தமிழில் செபம் சொல்லப் பழகியவர் என்பதைப் பள்ளிச் சுற்றுலாவில் யாரும் சொன்னதில்லை.

1542இல் முத்துக்குளித்துறைக்குப் போனபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணினார். பிறகு கையில் மணியோடு தெருவில் இறங்கி ஆள் சேர்த்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதெல்லாம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது, பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த வேலை: படித்ததை அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்றுதானே நினைத்திருந்தோம்? அங்கே தலைகீழ்.

மலாக்காவிலும் மொழி தெரியாமல் சிரமப்பட்டிருக்கிறார். செபங்களை மலாய்க்கு மாற்றும் வேலையில் மறுபடி உட்கார்ந்தார். அவருக்குப் பின் அதே கடற்கரையில் உழைத்த அன்றீக்கு அடிகளாரின் தமிழ் ஞானோபதேச நூல், 'கிரிசித்தியானி வணக்கம்', 1579இல் கொச்சியில் அச்சானது. குருவும் மாணவனும் கேள்வி பதிலாகப் பேசும் நூல் அது.

பால்மரத் தோட்டங்களில் முறை திரும்பியது. சாமியார் எப்போதாவதுதான் வருவார். லயத்தில் மற்ற நாளெல்லாம் பாட்டிதான் உபதேசியார். எங்கள் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, முழுச் செபமாலையும் தெரியும்.

பட்டணத்துக்கு வந்துவிட்டோம். அக்கா மகளுக்கு ஞாயிறு வகுப்பு ஆங்கிலத்தில். "இன்னிக்கி என்னம்மா படிச்ச?" என்று பாட்டி கேட்கிறார். பிள்ளைக்குப் பதில் தெரியும். தமிழில் சொல்லத்தான் தெரியாமல் என்னைப் பார்க்கிறாள்.