இருவேல்பட்டு: ஒரே ஊர், ஒரே கேள்விகள்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் விழுப்புரம் தாண்டி அரசூர் பக்கம் வரும்போது பேருந்தில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே இருக்கிற இருவேல்பட்டு, பார்வைக்கு அந்த வட்டாரத்து மற்ற ஊர்களைப் போலத்தான். ஆனால் தமிழ்நாட்டில் இப்படித் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கப்பட்ட ஊர்கள் மிகக் குறைவு. 1916இல் முதல் தடவை. அப்புறம் 1936-37. அப்புறம் 1981. அப்புறம் 2008. உனக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர், எத்தனை மாடு, எவ்வளவு கடன், யார் யாரிடம் வேலை செய்கிறார்கள் என்று தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக ஒரே ஊரிடம் கேட்டிருக்கிறார்கள்.

நான் திண்டிவனத்துக்காரன், படித்தது பொறியியல். கல்லூரியில் ‘சர்வே’ என்றால் எங்களுக்குத் தியோடலைட்டும் சங்கிலியும்தான். ஊர்ப்பக்கம் இன்றைக்கும் ‘சர்வே எடுக்க வந்திருக்காங்க’ என்றால் நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். மனிதர்களைக் கணக்கெடுக்கும் சர்வேயைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே வேலைக்குப் போனபிறகு, இருவேல்பட்டு பற்றிய ஒரு கட்டுரை கையில் கிடைத்ததால். ஆய்வுமுறை பற்றிய பாடப்புத்தகங்களைவிட இந்த ஒரு ஊரின் கதை எனக்கு அதிகம் சொல்லித்தந்தது.

முதலில் கேட்டவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென்று இருந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு, 1915 கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தவர். இங்கிலாந்தில் பொது நிலங்களை வேலிபோட்டு வளைத்தபோது உழவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி 1907இல் புத்தகம் எழுதியிருந்தார். வீடு வீடாகப் போய் வறுமையை எண்ணுவது அப்போது இங்கிலாந்தில் ஒரு மரபாகவே ஆகியிருந்தது. லண்டனில் சார்லஸ் பூத் செய்தார். யார்க் நகரத்தை சீபோம் ரவுன்ட்ரீ 1899இல் எண்ணினார். அதே நகரத்தை 1936இலும் 1950இலும் மறுபடி எண்ணினார். மதராஸில் ஸ்லேட்டர் கண்ட வழி எளிமையானது. விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்தது 1918இல் புத்தகமாக வந்தது. தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டில் தூசி, தஞ்சாவூரில் பாலக்குறிச்சி, திருநெல்வேலியில் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தில் வடமலாபுரம் என்று அதிலுள்ள ஊர்களை இன்றுவரை ‘ஸ்லேட்டர் கிராமங்கள்’ என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

புள்ளியியல் படித்த யாரும் உடனே கேட்பார்கள்: இந்த ஊர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? தேர்ந்தெடுக்கவே இல்லை என்பதுதான் பதில். மாணவனின் ஊர் எதுவோ அதுதான் மாதிரி. ஆயிரக்கணக்கான ஊர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் திண்டிவனத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறேன். அங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையில் டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அங்கிருந்து வந்தவை; அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் திண்டிவனம். டி.எம்.வி.2 வெளிவந்தது 1940இல். ஒரு ரகம் இன்னொன்றைவிட நல்ல விளைச்சல் தருமா என்று பார்க்க ஒரு தெளிவான வழி உண்டு. வயலைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரி. எந்தப் பாத்தியில் எந்த விதை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானி. ஒரே ரகத்தைப் பல பாத்திகளில் போடு. மண்ணின் ஏற்ற இறக்கம் அதனால் அடிபட்டுப்போகும். ரொனால்ட் ஃபிஷர் இதைச் சோதனை வடிவமைப்பு என்று 1935இல் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஊருக்கு இந்த வசதி கிடையாது. இருவேல்பட்டுக்கு மின்சாரம் கொடுத்து, பக்கத்தில் அதேபோல் இன்னொரு இருவேல்பட்டுக்குக் கொடுக்காமல் வைத்துப் பார்க்க முடியாது. இருப்பது ஒரே பாத்தி. அப்படியென்றால் ஒப்பிடுவதற்கு மீதி இருப்பது காலம் மட்டும்தான்: அதே பாத்தியின் நேற்று.

டி.எம்.வி.2 வந்த அதே 1940இல்தான் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கிராமங்களின் மறு ஆய்வை வெளியிட்டார்கள். தாமஸ் அப்போது ஸ்லேட்டர் இருந்த நாற்காலியில் இருந்தவர். நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவது சுலபம் மாதிரித் தெரியும், அப்படியில்லை. 1916 முதல் உலகப்போர்க் காலம். 1936 என்பது உலகப் பொருளாதார மந்தத்தில் நெல், மல்லாட்டை விலையெல்லாம் விழுந்து நொறுங்கியதற்குப் பிந்தைய வருஷம். இந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு போட்டு, ‘இருபது வருஷத்தில் ஊர் இப்படி ஆகிவிட்டது’ என்றால், அது ஊரின் கதையா, விலைவாசியின் கதையா? 2008க்கும் இது பொருந்தும். நூறு நாள் வேலைத்திட்டம் 2006இல் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. மூன்று வருஷம் முன்னால் போயிருந்தால் வேறு பதில்கள் வந்திருக்கும்.

ஆனால் வருஷத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பது.

1916இல் ஒரு கிராமத்திலிருந்து மதராஸுக்கு வந்து பட்டப்படிப்புப் படிக்கிற பையன் எந்த வீட்டுப் பையனாக இருப்பான்? யோசித்தாலே தெரிந்துவிடும். அந்த வீட்டில் நிலம் இருக்கும், கணக்குப்புத்தகம் இருக்கும், அந்த வீட்டு வாசலில் படியாட்கள் இருப்பார்கள். படியாள் என்றால் படி நெல் கூலி வாங்கும் ஆள். ஸ்லேட்டரின் புத்தகம் படியாட்களைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறது: கல்யாணத்துக்கு என்று வாங்கிய சின்னக் கடன், அதற்கு ஈடாக உழைப்பு, அடைபடாமல் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பாக்கி, நிலம் கைமாறினால் கூடவே கைமாறும் ஆள். இவ்வளவும் பதிவாகியிருக்கிறது என்பது அந்த ஆய்வின் பெருமை. குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சேரியில் ஒருவரிடம் ‘உனக்கு எவ்வளவு கடன்?’ என்று அந்தப் பையன் கேட்டிருந்தால், கேட்டது அவனல்ல. கடன் கொடுத்த வீடு. பதில் சொல்பவருக்கு அது ஆய்வுக் கேள்வியாகவா காதில் விழுந்திருக்கும்?

1981இல் இருவேல்பட்டுக்குப் போன இருவரில் ஒருவர் எஸ். குகன். தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர், பிறகு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வாளர். இன்னொருவர் ஜோன் மென்ச்சர். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் பல வருஷம் வேலை செய்த அமெரிக்க மானுடவியலாளர். மென்ச்சர் 1974இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சாதியைப் பற்றி வெளிநாட்டு ஆய்வாளர்கள் எழுதியதெல்லாம் பெரும்பாலும் மேலே இருப்பவர்களிடம் கேட்டு எழுதியது. கீழே இருந்து பார்த்தால் அது தர்மமும் ஒழுங்கும் அல்ல, சுரண்டல்தான் என்பது அதன் வாதம். அப்படி எழுதியவர் இருவேல்பட்டுக்குப் போவதும் 1916இன் மாணவன் போவதும் ஒன்றல்ல. இருவர் கண்ட ஊரும் வேறாகத் தெரிந்தால், மாறியது ஊரா, கேட்ட திசையா என்று ஒவ்வொரு வரியிலும் சந்தேகப்பட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எந்தப் புள்ளியியல் சூத்திரமும் கிடையாது. யார் கேட்டார், யார் அழைத்துப் போனார், ஊருக்குள் முதலில் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்பதையெல்லாம் எழுதிவைப்பது ஒன்றுதான் வழி.

அடுத்தது கேள்வி. ‘உங்களுக்கு எவ்வளவு நிலம்?’ 1916இல் பெரிய நிலக்காரரிடம் இதைக் கேட்டால் பெருமையாகச் சொல்லியிருப்பார். கூட ரெண்டு ஏக்கர் சேர்த்துக்கூடச் சொல்லியிருக்கலாம். 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு முப்பது தர ஏக்கர். 1970இல் அது பதினைந்தானது. அதற்குப் பிறகு அதே கேள்வி அதே வீட்டில் வேறு கேள்வி ஆகிவிட்டது. பட்டா யார் பேரில், அனுபவம் யாருடையது, பினாமி யார் என்பதெல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மென்பொருளில் இதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். அட்டவணையில் நெடுவரிசையின் பெயர் மாறாது, உள்ளே விழும் தரவின் அர்த்தம் மாறிவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. அந்தப் பக்கம் ஏழை வீட்டில் வருமானம் கேட்டுப் பாருங்கள். ‘எதுக்குக் கேக்கறீங்க? லோன் தருவாங்களா? கார்டை மாத்திடுவாங்களா?’ என்பார்கள். அது அறியாமையில் வரும் கேள்வி இல்லை. பதிலுக்கு விலை உண்டு என்று தெரிந்தவர்களின் கேள்வி.

சாதி என்ற நெடுவரிசையும் இப்படித்தான். பழைய ஆவணங்களில் உள்ள பெயர்களை இன்று அந்த மக்களே ஏற்க மாட்டார்கள். ஆதிதிராவிடர் என்பது 1922இல் அரசு ஏற்ற பெயர். 1987 செப்டம்பரில் வன்னியர்கள் இடஒதுக்கீடு கேட்டு இந்த நெடுஞ்சாலையை ஒரு வாரம் மறித்தபோது விழுப்புரமும் திண்டிவனமும் ஸ்தம்பித்தன. அதற்குப் பிறகு 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பட்டியல் வந்தது. சாதியை மற்றவர் சொல்லி எழுதிய காலம் போய், சான்றிதழோடு தானே சொல்லும் காலம் வந்தது.

‘குடும்பம்’ என்பதும் லேசுப்பட்ட சொல் இல்லை. ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது இந்தியாவில் மாதிரிக் கணக்கெடுப்புகள் வைத்திருக்கும் வழக்கமான வரையறை. நல்ல வரையறைதான். ஆனால் பையன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனியில் வேலை செய்து மாசாமாசம் பணம் அனுப்புகிறான், பொங்கலுக்கு மட்டும் இந்த உலையில் சாப்பிடுகிறான். அவன் உள்ளேயா வெளியேயா? ‘தொழில்’ என்ற கட்டத்தில் ஒரே சொல் எழுதச் சொல்கிறார்கள். நாத்து நடும்போது வயலில், மற்ற நாளில் கட்டட வேலையில், கோடையில் நூறு நாள் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல் என்ன?

2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். அவர்களது கட்டுரை 2010இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் வந்தது, என் கையில் முதலில் கிடைத்தது அதுதான். நான் எதிர்பார்த்தது ஜமீன் ஒழிந்து சமத்துவம் வந்த கதை, இல்லையென்றால் எதுவும் மாறாத கதை. அது இரண்டுமில்லை. இந்த ஊரில் பல தலைமுறையாக ஒரு ரெட்டியார் குடும்பத்தின் கையில்தான் பெரும் நிலம். 2008இலும் அந்தக் குடும்பத்திடம் பெரிய அளவில் நிலம் இருந்தது. நிலம் மட்டும் எண்ணுகிறவர் ‘பெரிய மாற்றமில்லை’ என்று எழுதிவிட்டுக் கிளம்பியிருப்பார். ஆனால் அந்த நிலத்துக்கு ஊரின்மேல் இருந்த பிடி தளர்ந்துபோயிருந்தது. வேலை வயலுக்கு வெளியே கிடைத்தது, அரிசி ரேஷனில் வந்தது, பஞ்சாயத்து அதிகாரம் பலர் கைக்குப் போனது, தலித்துகள் முன்போல் ஒரே வீட்டை அண்டி வாழவேண்டியதில்லை. நிலம் அசையாமல் நிற்கும்போதே அதிகாரம் நகர்ந்திருக்கிறது. 1916இல் ஒருவர் எழுதிவைக்கவில்லை என்றால் இது தெரிந்திருக்காது. ஒருமுறை மட்டும் போய் ஆயிரம் ஊர்களில் எண்ணும் கணக்கெடுப்பிலும் தெரிந்திருக்காது.

ஒரு ஊரை வைத்துத் தமிழ்நாட்டைச் சொல்லலாமா என்று கேட்டால், முடியாது என்பேன். எத்தனை ஊர் இப்படி மாறியது என்பதற்கு இருவேல்பட்டு பதில் சொல்லாது. எப்படி மாறியது, எது எதை இழுத்துக்கொண்டு மாறியது என்பதற்குச் சொல்லும். தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் எல்லாவற்றையும் 1980களில் குகனும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் மற்றவர்களும் மறுபடி ஆராய்ந்தது அதனால்தான். பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு ஊர்கள் வேண்டும்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணைக் கரை ஊர்களெல்லாம் மூழ்கின. இருவேல்பட்டு மக்கள் நிவாரணம் வரவில்லை என்று நெடுஞ்சாலையை மறித்தார்கள். பார்வையிட வந்த அமைச்சர்மீது சேறு வீசப்பட்டது. ஒருநாள் முழுக்கத் தொலைக்காட்சியில் அந்த ஊர்ப்பேர் ஓடியது. எனக்கு 1916 தாள்தான் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் வெள்ளம் வந்திருந்தால் படியாள் போய் நின்றிருக்கக்கூடிய வாசல் ஒன்றே ஒன்று. அங்கே கோபப்பட முடியாது. இப்போது நிற்கும் இடம் நெடுஞ்சாலை, கேட்பது அரசாங்கத்திடம். ‘கஷ்டம் வந்தால் முதலில் யாரிடம் போவீர்கள்?’ என்ற ஒரு வரியை அடுத்த முறை போகிறவர்கள் தங்கள் தாளில் சேர்த்துக்கொள்ளலாம். சேரியில் தொடங்கிக் கேட்டுக்கொண்டு வரலாம்.