கதவைத் தட்டிய மூவர்

பூதிகோட்டையின் பாறைக் குன்றருகே நிற்போர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஐதர் அலியின் பெயர். அவர் பிறந்த ஊர் அது. 1780-ஆம் ஆண்டில் அவருடைய சேனை கணவாய்களின் வழியே இறங்கி ஆர்க்காட்டுச் சீமையில் புகுந்தது; வேலூர்க் கோட்டையும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. நூறாண்டு கழித்து மக்கள் எதிர்த்திசையில் பெயர்ந்தனர். 1880-களில் கோலார்த் தங்கவயல் சுரங்கங்கள் வளரத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டுத் தமிழர் பலர் பிழைப்பை நாடி மலையேறி வந்தனர். 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. அவர்களுடைய முன்னோர் விட்டு வந்த அந்தச் சீமையில், படையாலுமன்றிப் பொன்னாலுமன்றித் தொண்டினால் எழுதப்பட்ட சரித்திரம் ஒன்றை நேயர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த மருத்துவ ஊழியர், தந்தையும் மருத்துவரே. எனினும், பஞ்சத்தைக் கண்ணாரக் கண்டு வளர்ந்த அச்சிறுமிக்கு இந்நாட்டில் தங்கும் எண்ணம் இருக்கவில்லை. அமெரிக்காவில் படித்தவர், நோயுற்ற தாயைப் பேணுவதற்காகவே 1890-களில் திண்டிவனத்தில் இருந்தார்.

அங்கே ஓரிரவு மூன்று முறை கதவு தட்டப்பட்டது. வந்தவருள் ஒருவர் பிராமணர்; ஒருவர் முஸ்லிம்; ஒருவர் மற்றோர் உயர் வகுப்பினர். மூவருடைய இளமனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவோ மருத்துவம் அறியாதவர். தந்தையை அனுப்புவதாகச் சொன்னார். அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொடலாகாதென்று மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை.

இதைக் கேட்கும் நமக்கு அக்கணவன்மார் மேல் சினம் எழுவது இயல்பு. வழக்கத்தைப் பழித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் எளிது. அம்மையாரோ, அவ்வழக்கம் மாறும் நாளுக்காகக் காத்திருக்கவில்லை. பிரசவ வேதனை வழக்கத்திற்காகக் காத்திராதல்லவா? பெண்களுக்குப் பெண் மருத்துவரே வேண்டுமெனின் தாமே அவ்வாறு ஆவதென்று துணிந்தார். 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூருக்கு வந்தார். ஒரே படுக்கையோடு வைத்தியம் தொடங்கியது. சில மாதங்களில் தந்தை காலமானார். பொறுப்பு முழுவதும் அவர் தோள்மேல் விழுந்தது. 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

ஆயினும், வேலூர் வரை வர இயலாதவர் கதி என்ன? அம்மையார் வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் புறப்பட்டார். முதலில் மாட்டுவண்டி, பின்னர் மோட்டார் கார். மரநிழலில் கூடியிருந்த நோயாளிகளுக்கு வழியிலேயே மருந்தளித்தார். தங்கவயலுக்கு ஆள்களை அனுப்பிய கிராமங்கள் பலவும் அப்பகுதியைச் சேர்ந்தவையே.

ஒரு மருத்துவர் எத்தனை கதவுகளுக்குச் செல்ல முடியும்? இக்கேள்வியே அவரை அடுத்த படிக்கு உயர்த்தியது. 1909-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. பெண்கள் இப்படிப்பில் தேறுவார்களா என்று ஐயுற்றோர் உண்டு. 1922-ல் முதல் அணியினர் 14 பேர் பட்டம் பெற்று அவ்வையத்தைத் தீர்த்தனர். தம் கையில் இருந்த வித்தையைப் பிறர் கையில் ஒப்படைத்ததே அம்மையார் செய்த தொண்டுகளுள் தலையாயது என்பது என் கருத்து. கொடுப்பவரை நம்பியே வாங்குபவர் என்றும் வாழ நேருமாயின், அக்கொடை அரைகுறையே.

அதே நிறுவனத்தில், கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டு என்னும் மருத்துவர் 1940-களின் பிற்பகுதியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தவர்க்கும் வேலை தருவார் இல்லை என்று கண்டபோது, கைத்தொழில் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். நோய் தீர்ந்தால் மட்டும் போதாது. மனிதன் தன் காலில் நிற்கவும் வேண்டும்.

அம்மையார் 1960-ல் கொடைக்கானலில் காலமானார். வழியில் அடிபட்டுக் கிடந்த அயலானைத் தூக்கியெடுத்த சமாரியன் கதையை ஏசுநாதர் சொன்னார். அச்சமாரியன், கிடந்தவனின் குலத்தையோ சமயத்தையோ வினவவில்லை. வேலூரின் சரித்திரம் அக்கதைக்கு எழுந்த நீண்ட விரிவுரை.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மருத்துவமனை கட்டும் வலிமை இல்லாதிருக்கலாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒன்று தெரியும்: தன் வலி எங்கே என்று சொல்ல மொழியறியாத நோயாளியின் தனிமை கொடியது. ஊருக்குப் புதிதாய் வந்த தொழிலாளி ஒருவரோடு மருத்துவமனைக்குச் சென்று, அவர் சொல்லை மருத்துவர்க்கும், மருத்துவர் சொல்லை அவர்க்கும் எடுத்துரைப்பதற்குச் செல்வம் வேண்டியதில்லை. ஒரு முற்பகல் போதும். பின்னர் நான்கு சொற்களை அவருக்கே கற்பித்துவிட்டால், அடுத்த முறை நம் துணையும் வேண்டியிராது.

எந்தச் சமயத்தவராயினும், தட்டப்படும் கதவு நம்முடையதாகவும் இருக்கலாம். திறப்பதோடு நில்லாமல் உடன் நடப்போமாக.