முகத்துவாரத்து மீன்: மடவை இனங்களின் உயிரியல், வகைப்பாடு, பரவல்

1. ஆய்வின் எல்லை

ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் நின்று மீனைப் பற்றிப் பேசுவது சிலருக்கு அசந்தர்ப்பமாகத் தோன்றலாம். ஆனால் நீருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. திருவண்ணாமலை வட்டாரத்தில் பெய்யும் மழை ஏரி குளங்களில் தங்கியது போக, ஒரு பங்கு துரிஞ்சலாற்றில் இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. கடலூருக்கு வடக்கே தாழங்குடாவை ஒட்டி வங்கக் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தில் மடவை உண்டு. ஆசிரமத்துக்கு அருகிலுள்ள சமுத்திரம் ஏரிக்கு அது தானாக வந்து சேர்வதில்லை. ஒரே ஆற்று வடிநிலத்தின் ஒரு முனையில் இருக்கும் மீன் மறுமுனையில் ஏன் இல்லை என்ற கேள்வியே இக்கட்டுரையின் அச்சு.

2. உடலும் உணவும்

மடவையை இனங்காண்பது எளிது. உருண்டு நீண்ட உடல், மேலே தட்டையான தலை, சிறிய வாய், பெரிய செதில்கள். முதுகில் இரண்டு துடுப்புகள் நன்றாக விலகி நிற்கும். முன்துடுப்பில் நான்கே முட்கள். பெரும்பாலான மீன்களின் பக்கவாட்டில் தெரியும் உணர்கோடு இதில் வெளியே தெரியாது.

உண்மையில் விந்தை வயிற்றுக்குள் இருக்கிறது. மடவைக்குப் பற்கள் மிகச் சிறியவை. சிலவற்றில் இல்லவே இல்லை. சேற்றின் மேற்பரப்பில் படிந்த நுண்பாசிகளையும் மட்கிய கழிவையும் மணலோடு சேர்த்து அள்ளி விழுங்குகிறது. வேண்டாத மணலின் ஒரு பகுதியைச் செவுள் சல்லடை வழியே வெளியேற்றுகிறது. மீதி மணல் இரைப்பைக்குள் போய் அரவைக் கல்லாகிறது; இரைப்பையின் பின்பகுதி கோழியின் அரைவைப்பைபோலத் தடித்த தசையால் ஆனது. அதைத் தொடர்ந்து வரும் குடல் உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு. பிற மீன்களைத் தின்னாமல், உணவுச் சங்கிலியின் அடித்தட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்வதால் வளர்ப்போருக்கு இது செலவு குறைந்த மீன்.

3. வாழ்க்கை வட்டம்

முட்டையிடக் கடல், வளரக் கழிமுகம்: இதுதான் மடவையின் வாழ்க்கை ஒழுங்கு. நன்கு ஆராயப்பட்ட இனமான முகில் செஃபாலஸ், முதிர்ந்ததும் கூட்டமாகக் கடலுக்குள் சென்று முட்டையிடுகிறது. ஒரு பெண்மீன் 5 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் வரை இடும். ஒவ்வொரு முட்டையிலும் ஓர் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும்; ஏறக்குறைய இரண்டு நாளில் பொரியும். கடலில் மிதவை உயிரிகளைத் தின்று வளரும் குஞ்சுகள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் கரையோரம் நெருங்கி, முகத்துவாரம் வழியாக உள்ளே நுழைகின்றன. அதன்பின் சேற்று உணவுக்கு மாறுகின்றன.

உப்பைத் தாங்கும் திறனும் வளர்ச்சியோடு வருவதுதான். சுமார் 4 முதல் 7 சென்டிமீட்டருக்குள் செவுளின் உப்புச் செல்களும் சிறுநீரகமும் பக்குவப்படுகின்றன. கடல்நீரில் உப்பை வெளியேற்றுவதும் நன்னீரில் உப்பை உறிஞ்சுவதும் அச்செல்களின் வேலை. கோடையில் கடலைவிட உப்பேறும் பழவேற்காட்டு ஏரியிலும் மழைக்காலத்தில் இனிக்கும் ஆற்றிலும் ஒரே மீன் வாழ முடிவது இதனால்தான். ஆனால் நன்னீரில் எத்தனை ஆண்டு கொழுத்தாலும் அங்கே அது இனம் பெருக்காது.

4. வகைப்பாடு

இங்கே அறிஞர்கள் நிறையவே தடுமாறியிருக்கிறார்கள். பழைய நூல்கள் மடவையைச் சீலாவோடும் காலாவோடும் ஒரே தொகுதியில் வைத்தன. இன்று முகிலிடே குடும்பத்துக்குத் தனி வரிசையே உண்டு. உலகில் சுமார் 70 முதல் 80 இனங்கள்.

லின்னேயஸ் 1758இல் முகில் செஃபாலஸுக்குப் பெயரிட்டார். கங்கை மீன்களை ஆராய்ந்த ஹாமில்டன் 1822இல் பார்சியா, கோர்சுலா இனங்களை விவரித்தார். குவியேயும் வலென்சியனும் பாரிஸில் எழுதிய பெருநூலுக்குப் புதுச்சேரியிலிருந்து லெஷனோ அனுப்பிய மீன்களும் பயன்பட்டன. பிரான்சிஸ் டேயின் இந்திய மீன்கள் நூல் 1875 முதல் 1878 வரை வெளிவந்தது. 1946இல் ஷுல்ட்ஸ் வாயின் அமைப்பை வைத்துப் பேரினங்களைப் பிரித்தார். அந்த அடிப்படை அரைநூற்றாண்டுக்கு மேல் நின்றது. 2012இல் துராந்தும் சகாக்களும் மரபணு ஒப்பீட்டை வெளியிட்டதும் ஆட்டம் கண்டது. நம் ஆய்வேடுகளில் பல்லாண்டு ‘லைசா’ என்று எழுதப்பட்ட இனங்கள் பெரும்பாலும் பிளானிலைசாவாயின. வாலமுகில் இனங்களில் சில க்ரெனிமுகிலில் சேர்ந்தன. முகில் செஃபாலஸும் ஒரே இனமல்ல, உருவத்தில் பிரித்தறிய முடியாத பல இனங்களின் தொகுப்பு என்று தெரியவந்தது. உருவத்தை மட்டும் நம்பிய பழைய பட்டியல்களை இன்று எச்சரிக்கையோடுதான் எடுத்தாள வேண்டும்.

ஆனாலும் மீன் கூடையின் முன் நிற்பவருக்குக் கண்ணால் காணும் அடையாளமே உதவும். முகில் செஃபாலஸின் கண்ணைக் கொழுப்புப் படலம் பெரும்பாலும் மூடியிருக்கும். பக்கவாட்டில் நீளக் கோடுகள் ஓடும். எல்லோகெலானுக்கு மஞ்சளான, வெட்டி விட்டாற்போன்ற சதுர வால், தோள்துடுப்பு கறுப்பு. க்ரெனிமுகிலின் தோள்துடுப்பு அடியில் நீண்ட கூர்செதில் இருக்கும்; பிளானிலைசாவில் அது இல்லை, அல்லது மிகச் சிறிது. கங்கைப் பக்கத்து ரைனோமுகில் கோர்சுலா கண்களை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கியபடி நீந்தும்.

5. பரவல்

வெப்ப, மிதவெப்பக் கடற்கரைகள் எங்கும் மடவை உண்டு. தமிழகத்தில் பழவேற்காடு, எண்ணூர், அடையாறு, முட்டுக்காடு, கடலூர், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரம், பாக் நீரிணை, மன்னார் வளைகுடா எனப் பட்டியல் நீளும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் கழிமுகத்தின் கரையிலேயே அமைந்திருப்பது இத்துறைக்குப் பெரும் வசதி.

இப்பட்டியலைவிட முக்கியமானது முகத்துவாரத்தின் நிலை. கோடையில் அலைகள் மணலை வாரி வாயை அடைத்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதை உடைக்கிறது. வாய் திறந்திருக்கும்போதுதான் குஞ்சுகள் உள்ளே வரவும் முதிர்ந்தவை வெளியேறவும் முடியும். மழை பொய்த்த ஆண்டில் கடலில் மடவை இருக்கும், ஏரியில் குறையும். அதனால் மடவையின் பரவலை நிலப்படத்தில் மட்டுமன்றி நாட்காட்டியிலும் குறிக்க வேண்டும் என்பேன்.

ஆற்றின் மேற்பகுதியில் தடை வேறு வகை. தென்பெண்ணையில் எல்லீஸ் அணைக்கட்டு, திருக்கோவிலூர் அணைக்கட்டு, அவற்றுக்கு மேலே 1958இல் கட்டிமுடிந்த சாத்தனூர் அணை. துள்ளி வலையைத் தாண்டுவதில் மடவை பேர்பெற்றதுதான். அணைச்சுவர் அந்தத் துள்ளலுக்கு அடங்காது. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு முதல் விடை இந்தச் சுவர்கள். வந்து சேர்ந்தாலும் பெருகாது என்பது இரண்டாவது.

6. உள்நாட்டு நீர்நிலைகளில் வளர்ப்பு

கொண்டுவந்து விட்டால் வளரும். சென்னை மாகாணத்தில் கடல்மீன்களை நன்னீரில் வளர்த்த முயற்சிகளைப் பற்றி ஜாபும் சாக்கோவும் 1947இல் எழுதினார்கள். இஸ்ரேலின் கலிலேயா ஏரியில் மடவைக் குஞ்சுகளைப் பல்லாண்டாக விட்டுவருகிறார்கள். அங்கு அவை பெருகுவதில்லை என்பதால் மறுபடி மறுபடி விட வேண்டியிருக்கிறது.

சாத்தனூரிலோ திருவண்ணாமலை ஏரிகளிலோ இதைச் செய்வதானால் குஞ்சுகளை எங்கிருந்து எடுப்பது? கடலூர்க் கழிமுகத்தில் வாரினால் அங்கே வலை வீசுபவரின் அடுத்த ஆண்டு மீனைத்தான் எடுக்கிறோம். தொட்டியில் வளரும் தாய்மீனின் முட்டை முழுதாக முதிராமல் நின்றுவிடும்; ஹார்மோன் ஊசி தேவை. 1987இல் சென்னையில் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் தன் முட்டுக்காட்டு நிலையத்தில் அவ்வழியில் மடவையை முட்டையிடச் செய்திருக்கிறது. பொரிந்த குஞ்சுகளை முதல் சில வாரங்கள் உயிரோடு காப்பதே அங்கும் கடினமான கட்டம். அந்த இழப்பு குறைந்து குஞ்சின் விலை கெண்டைக் குஞ்சுக்கு அருகில் வந்தால் ஏரிக் குத்தகைதாரர் வாங்குவார். அதுவரை திருவண்ணாமலைச் சந்தைக்கு மடவை கடற்கரையிலிருந்து பனிக்கட்டியில்தான் வர வேண்டும்.