எப்வேர்த் குசினியும் தரங்கம்பாடியும்: சூசனா வெஸ்லி

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, வேம்படி, மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி. இந்தப் பெயர்களைக் கேட்காத ஆட்கள் எங்களில் குறைவு. 1814இல் இலங்கைக்கு வந்து இறங்கிய வெஸ்லியன் மிசனரிமாரின் வேலையில் இருந்து வளர்ந்தவைதான் இவை. ஆறுமுக நாவலர் ஆங்கிலம் படித்ததும், பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் வேலை செய்ததும் அந்த வெஸ்லியன் பாடசாலையில்தான். ‘வெஸ்லியன்’ என்ற சொல்லில் இருக்கும் வெஸ்லி யார் எண்டு கேட்டால், யோன் வெஸ்லி எண்டு சிலராவது சொல்லுவம். அவருடைய தாயைப் பற்றிக் கேட்டால்? "பக்தியான அம்மா, 19 பிள்ளைகளைப் பெற்றவ" என்பதோடு கதை முடிஞ்சு போகும்.

எங்கள் ஊரில் அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டுகளைப் புரட்டிப் பார்த்தாலும் இதுதான் நிலைமை. இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னின்னாரின் தாய், கடவுள் பக்தி மிக்கவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மனிசி என்ன யோசிச்சா, யாரோட வாதாடினா, எதை விட்டுக்கொடுக்க மறுத்தா என்பதெல்லாம் அதில் வராது. சூசனாவின் கதையில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது: அவர் எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் மிஞ்சியிருக்கின்றன.

சூசனா 1669இல் இலண்டனில் பிறந்தார். தகப்பன் சாமுவேல் அன்னெஸ்லி, அரச திருச்சபையின் விதிகளுக்கு இணங்க மறுத்ததால் 1662இல் தன் ஆலயப் பொறுப்பை இழந்த போதகர். அந்த வீட்டில் வளர்ந்த மகளோ, 13 வயதுக்கு முன்பே இரண்டு பக்க வாதங்களையும் யோசித்துப் பார்த்து, தகப்பன் விட்டு வந்த அதே அரச திருச்சபைதான் சரியெண்டு முடிவெடுத்தார். தகப்பனும் அவரை ஒதுக்கி வைக்கவில்லை. 1688இல், 19 வயதில், சாமுவேல் வெஸ்லி என்ற இளம் போதகரைத் திருமணம் செய்தார். பிறகு லிங்கன்சயரில் எப்வேர்த் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனார்கள்.

அங்கே வாழ்க்கை லேசாக இருக்கவில்லை. பிறந்த 19 பிள்ளைகளில் 9 பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். மிஞ்சியது மூன்று ஆண்களும் ஏழு பெண்களும். 1705இல் கணவர் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் இருந்தார். சூசனா தன் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்ததா எண்டு பேராயர் கேட்டபோது, பாண் இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் அதைத் தேடுவதும் அதற்குக் காசு கட்டுவதும் பட்ட பாட்டில் சாப்பிடுவதே கசந்துபோகும் என்ற பொருளில் பதில் சொன்னார். 1709 பெப்ரவரியில் வீடு முழுதாக எரிந்தது. சூசனா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. 5 வயது யோனை மேல்மாடி யன்னலால்தான் வெளியே எடுத்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் வீட்டுக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பிள்ளைக்கு 5 வயது முடிந்த அடுத்த நாள் பாடம் தொடங்கும். ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம். பெண்பிள்ளைகள் நன்றாக வாசிக்கப் பழகும் வரைக்கும் அவர்களைத் தையல் போன்ற வேலைகளில் இருத்தக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான விதி. 300 வருடங்களுக்கு முந்தைய கிராமத்து வீடொன்றின் விதி இது எண்டதை மறக்கக்கூடாது.

கணவருக்கு அடங்கின மனைவி என்ற படமும் முழுதாகப் பொருந்தாது. 1702 அளவில், வில்லியம் அரசருக்காகக் கணவர் சொன்ன செபத்துக்கு சூசனா ‘ஆமென்’ சொல்லவில்லை. வில்லியம் உரிமையான அரசர் இல்லை என்பது அவருடைய எண்ணம். கணவர் கோபித்துக்கொண்டு இலண்டனுக்குப் போய்விட்டார். சூசனா மன்னிப்புக் கேட்கவில்லை. பல மாதம் கழித்தே இருவரும் சேர்ந்தார்கள். 1703இல் யோன் பிறந்தார்.

இனித்தான் எங்களுக்கு நெருக்கமான பகுதி வருகிறது. 1711 – 12 குளிர்காலம். கணவர் திருச்சபைக் கூட்டத்துக்காக இலண்டனில். மகள் எமிலியா தகப்பனின் அறையில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். அது தரங்கம்பாடிக்குப் போன இரண்டு மிசனரிமாரைப் பற்றியது: 1706இல் அங்கே இறங்கி, தமிழ் படித்து, பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கும் அவரோடு வந்த புளுட்சோவும்.

அந்த வாசிப்பு சூசனாவை உலுக்கிவிட்டது. தான் ஆணும் இல்லை, போதகரும் இல்லை. ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கூடச் செய்யலாமே எண்டு யோசித்ததாக அவரே எழுதுகிறார். முதலில் தன் பிள்ளைகளில் தொடங்கினார். ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாகக் கதைப்பது: வியாழன் யோனுக்கு, சனி சார்ள்சுக்கு. வளர்ந்து ஒக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதும் யோன் அந்த வியாழன் இரவுகளை நினைத்துத் தாய்க்குக் கடிதம் எழுதினார்.

ஞாயிறு மாலைகளில் குசினியில் வீட்டாருக்காக நடந்த செபத்துக்கு அயலவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நல்ல பிரசங்கங்களைத் தெரிந்து வாசிக்கத் தொடங்கினார். கூட்டம் 200ஐத் தாண்டியது. இடமில்லாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. பொறுப்பில் இருந்த உதவிப் போதகர் கணவருக்கு முறைப்பாடு எழுதினார். வேறொரு ஆணை வாசிக்க வைக்கலாமே எண்டு கணவர் கேட்க, எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கிற ஆண் இங்கே ஒருவரும் இல்லை எண்டு பதில் போனது. கடைசியாக 1712 பெப்ரவரியில் அவர் எழுதியதன் சாரம் இது: நிறுத்தச் சொல்லி விருப்பம் தெரிவிக்க வேண்டாம், நேரடியாகக் கட்டளை இடுங்கள், அப்போது கடவுள் முன் அதற்குப் பொறுப்பு உங்களுடையது.

தமிழ்க் கரையில் நடந்த ஒரு வேலையின் செய்தி எப்வேர்த் குசினிக்குப் போனது. அந்தக் குசினியில் வளர்ந்த பிள்ளைகள் தொடக்கிய இயக்கம் 1814இல் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்தது. மிசனரி வரலாற்றை ‘அவர்கள் தந்தார்கள், நாங்கள் வாங்கினோம்’ எண்டு மட்டும் வாசிக்கிற பழக்கத்துக்கு இது நல்ல பதில்.

இதற்காக அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. ஒரு வயதிலேயே பிள்ளை பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக வேண்டும், பிள்ளையின் பிடிவாதத்தை முதலில் அடக்க வேண்டும் எண்டு 1732இல் எழுதியவரும் அவர்தான். செய்த பிழையை ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடி இல்லை என்ற விதியும் அதே கடிதத்தில் இருக்கிறது. எண்டாலும் அந்தப் பிரம்பை நாங்கள் நியாயப்படுத்த ஏலாது. ‘தாய் பிரம்பைத் தந்தாள், பிள்ளை பெரிய ஆளானான்’ என்ற கதையை எங்கள் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் வேண்டிய அளவு சொல்லிவிட்டன. கெட்டிக்காரியும் கவிஞருமான மகள் ஹெட்டி, திருமணத்துக்கு முன் கர்ப்பமானபோது, பொருந்தாத ஒருவருக்கு அவசரமாகக் கட்டிவைக்கப்பட்டாள். தகப்பன் அவளைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. அரசருக்கான செபத்தில் கணவரை எதிர்த்து நின்ற தாய், மகளுக்காக அப்படி நிற்கவில்லை.

1735இல் கணவர் இறந்தபின் பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறி இருந்தார். கடைசி வருடங்கள் இலண்டனில் யோனோடு. குருப்பட்டம் பெறாத தோமஸ் மக்ஸ்ஃபீல்ட் பிரசங்கம் செய்கிறார் எண்டு கேள்விப்பட்டு யோன் கோபத்தோடு வந்தபோது, தடுக்க முதல் அவர் பேசுவதை ஒருக்காக் கேள் எண்டார் தாய். யோன் கேட்டார், ஒத்துக்கொண்டார். சாதாரண மனிதர் பிரசங்கிப்பது பிறகு மெதடிஸ்த இயக்கத்தின் முதுகெலும்பானது. குசினியில் தான் செய்ததற்கே சூசனா அன்று வாதாடினார் என்றும் இதைப் பார்க்கலாம்.

1742 யூலையில், 73 வயதில், சூசனா இறந்தார். தன் உயிர் பிரிந்ததும் துதிப்பாடல் பாடும்படி பிள்ளைகளிடம் கேட்டிருந்தார். அவருடைய எழுத்துகள் ஒரே தொகுப்பாக வெளிவர 1997 வரை எடுத்தது.

எங்கள் அம்மம்மாமார் பலருக்கு எழுதி வைக்க நேரமோ தாளோ இருக்கவில்லை. ஆனால் அவர்களும் வாதாடினார்கள், முடிவெடுத்தார்கள், சிலவேளை பிழையும் விட்டார்கள். இருக்கிறவர்களிடம் இப்பவே இருந்து கேட்டு எழுதலாம். அடுத்த கல்வெட்டில் ‘பக்தி மிக்க தாய்’ என்ற வரிக்குக் கீழே இன்னும் நாலு பக்கம் எழுத எங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.