அடித்தளம் நிலைக்காத கை

தொழிற்சாலைத் தரையில் நிற்கும் ரோபோவின் விரல்நுனி எங்கே இருக்கிறது என்று சொல்ல, கையின் நீளங்களும் மூட்டுகளின் கோணங்களும் போதும். எடையைப் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை; அடித்தளத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. அதே கையை ஒரு செயற்கைக்கோளில் பொருத்தினால் இந்தக் கணக்கு உதவாது. கை ஒரு பக்கம் வீசும்போது கலம் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். மொத்தக் கோண உந்தம் மாறக் கூடாதே!

1981 முதல் அமெரிக்க விண்வெளி ஓடங்களில் பணிபுரிந்த கனடா நாட்டுக் கைக்கு இது பெரிய தொல்லையாக இருக்கவில்லை. ஓடம் அத்தனை கனம். சிறிய கலத்திலோ திருப்பம் நன்றாகவே தெரியும். ஒவ்வொரு வீச்சுக்கும் எரிபொருளைச் செலவழித்துக் கலத்தை நேராக்கலாம். அது முரட்டு வழி. 1980களின் இறுதியில் ஜப்பானின் உமெதானியும் யோஷிதாவும் வேறு வழி கண்டார்கள். உந்த அழியா விதியையே கையின் சமன்பாட்டுக்குள் சேர்த்துவிட்டார்கள். 'பொதுமைப்படுத்திய ஜாக்கோபியன் அணி' என்று அதற்குப் பெயர். அதில் நீளங்களோடு நிறைகளும் இடம்பெற்றன.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. நீட்டிய கையைத் தோளிலிருந்து வீசுங்கள். கலம் எதிர்ப்பக்கம் திரும்பும். இப்போது முழங்கையை மடக்கி, தோளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மடங்கிய கையின் நிலைமத் திருப்புத்திறன் குறைவு. எனவே கலம் திரும்பிய அளவுக்கு மீளாது. பிறகு முழங்கையை நீட்டினால் மூட்டுகள் எல்லாம் தொடக்க நிலையில் இருக்கும், கலம் மட்டும் வேறு திசையில் நிற்கும். தலைகீழாக விழும் பூனை கால் ஊன்றி இறங்குவதும் ஏறக்குறைய இந்த வித்தையால்தான்.

ஏட்டில் இருந்ததை வானில் சோதித்தது ஜப்பானின் ஈடிஎஸ்-7 செயற்கைக்கோள். 1997 நவம்பரில் தனேகஷிமாவிலிருந்து ஏவப்பட்ட இதில் இரண்டு கலங்கள். ஆறு மூட்டுகளும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்ட கையுடன் 'ஹிக்கொபோஷி'. அதன் இணை 'ஒரிஹிமே'. ஜப்பானியப் பழங்கதையில் ஆண்டுக்கொரு முறை சந்திக்கும் நட்சத்திரக் காதலர்களின் பெயர்கள் இவை. தானியங்கி முறையில் இரண்டும் முதன்முதலாக இணைந்ததும் அக்காதலர் திருநாளான 1998 ஜூலை 7 அன்றே. பொறியாளர்களுக்கு ரசனை இல்லை என்று இனி யார் சொல்வது?

1999இல் யோஷிதா குழுவினர் இந்தக் கையைக் கலம் திரும்பாத பாதைகளில் மட்டும் இயக்கிப் பார்த்தார்கள். மூட்டுகள் கலத்தின் மீது செலுத்தும் எதிர்விளைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் பாதைகள் அவை. கலம் திரும்பினால் அலைவாங்கியின் குறி தவறும், தரையோடு பேச்சும் அறுந்துபோகும் என்பதால் இது வெறும் கணித அழகு அல்ல.

விலையும் இருக்கிறது. கலத்தை மூன்று அச்சுகளிலும் அசையாமல் வைக்கவே ஆறு மூட்டுகளின் சுதந்திரத்தில் பாதி செலவாகிவிடும். மிஞ்சும் மூன்றைக் கொண்டு விரல்நுனியை விரும்பிய இடத்தில், விரும்பிய கோணத்தில் நிறுத்த முடியாது. கூடுதல் மூட்டுகள் வேண்டும். செயலிழந்து சுழலும் செயற்கைக்கோளைப் பிடிக்கப் போனால் சிக்கல் இன்னும் கூடும். பிடித்த நொடியிலேயே அதன் நிறையும் சமன்பாட்டுக்குள் வந்துவிடும்; எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று தெரியாத கலத்தின் நிறையை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல வழியில்லை. பிடித்தபின் மெல்ல அசைத்துப் பார்த்து, கலம் எவ்வளவு திரும்புகிறது என்பதிலிருந்துதான் கணிக்க வேண்டும்.